துணைவனா, ஒற்றனா?

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" நினைவிருக்கிறதா இந்தக் கேள்வி? 2003ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்துச் சுவர்களும் விளம்பரப் பலகைகளும் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி. புள்ளிராஜா யார், எந்த ஊர், என்ன தொழில், எவருக்கும் தெரியாது. ஆயினும் நாடே அவரைப் பற்றிப் பேசிற்று. தேநீர்க் கடையிலே சிரித்தார்கள். பேருந்திலே கேலி பேசினார்கள். சிரித்தவர்களிலே எத்தனை பேர், இரவிலே, தனிமையிலே, அந்தக் கேள்வியைத் தமக்கே போட்டுப் பார்த்து உறக்கமின்றிப் புரண்டார்களோ, அது அவரவர் நெஞ்சுக்குத்தான் தெரியும். 'எனக்கு வருமா?' என்று கேட்க நா எழவில்லை. 'அவனுக்கு வருமா?' என்று கேட்க எழுந்தது!

சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. அந்தச் சுவருக்கு வாய் மட்டுமே இருந்தது. இன்று அந்தச் சுவர் நம் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது அதற்கு வாயும் உண்டு, காதும் உண்டு. இல்லாதது மறதி ஒன்றுதான்.

கைப்பேசியிலே வரும் கேள்விக் கருவியைச் சொல்கிறோம். வயது என்ன, ஆணா பெண்ணா, கடந்த சில திங்களில் எத்தனை பேரோடு உறவு, உறை அணிந்ததுண்டா, புண் உண்டா, எரிச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்கும். விடைகளைக் கூட்டிப் பெருக்கி, 'பால்வினை நோய் உமக்கு வந்திருக்கும் வாய்ப்பு இவ்வளவு. இன்ன சோதனை செய்துகொள்க' என்று சொல்லும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்திலே இப்படியொரு கருவியை ஆராய்ச்சியாளர் ஆக்கியிருக்கிறார்கள். அந்நகரத்துப் பாலியல் நல மையத்துக்கு வந்துபோனவர்களின் விவரங்களை இயந்திரத்துக்கு ஊட்டி, கணிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் எய்ட்ஸ் தடுப்புப் பணியிலே உள்ள அமைப்புகள் இணையத்தின் வழியே இத்தகைய கேள்விகளைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

வரட்டும், வரவேற்போம். விஞ்ஞானம் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துகிற கூட்டம் அல்ல நாம். மேகநோயையும் வெட்டையையும் முற்பிறவிப் பாவம் என்று சொல்லி விபூதி கொடுத்த காலத்தை எதிர்த்து நின்றவர்கள், கிருமி என்று சொல்லும் கருவியை ஏன் எதிர்க்க வேண்டும்? ஆனால் ஒன்று. கருவியை ஆக்குவோர் முதலிலே கேட்பது, 'கணக்கு சரியா?' என்பது. தோட்டத் தொழிலாளி முதலிலே கேட்பது, 'இந்தக் கணக்கு எவன் கைக்குப் போகும்?' என்பது.

'படிக்காதவனின் வீண் அச்சம்' என்று பட்டணத்து மேதைகள் பரிகசிக்கக் கூடும். பரிகசிப்பவர்கள் தயவு செய்து நீலகிரி மலைக்கு ஒருமுறை வரட்டும். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே வெல்லிங்டன் இருக்கிறதே, அங்கே இறங்கட்டும்.

வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டிய பாளையம் அது. பட்டாளத்துச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பரவிற்று. துரைத்தனத்தார் என்ன செய்தனர்? 1864இல் பாளையங்களுக்கென்று ஒரு சட்டம், 1868இல் தொற்று நோய்ச் சட்டம் என்று மற்றொரு சட்டம் இயற்றினர். பெண்களைப் பதிவேட்டிலே பதிந்தனர். கையிலே சீட்டுக் கொடுத்தனர். குறித்த நாளிலே வந்து உடலைக் காட்ட வேண்டும். நோய் உண்டென்று மருத்துவன் சொன்னால், அவன் 'போ' என்று சொல்லும் வரை உள்ளே கிடக்க வேண்டும். 'லாக்' ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர்; பெயருக்கேற்ற பூட்டு! மதராஸ் ராஜதானியிலே இருந்த அத்தகைய ஆஸ்பத்திரிகளின் வரிசையில் வெல்லிங்டனும் ஒன்று. சரி, அந்தச் சிப்பாய்க்கு என்ன சீட்டு? அவன் என்றைக்கு வந்து உடலைக் காட்ட வேண்டும்? அவனைப் பற்றி அந்தச் சட்டத்திலே ஒரு வரி இல்லை. நோயைக் கொண்டு வந்தவன் குதிரையிலே, நோய்க்கு ஆளானவள் கூண்டிலே! இங்கிலாந்திலும் இந்தியாவிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1888இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

அந்தச் சீட்டும் ஓர் ஆபத்து மதிப்பீட்டுக் கருவிதானே? கைப்பேசி இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் 'இவள் ஆபத்தானவள்' என்று கணித்தது, எழுதி வைத்தது, எழுதியதைக் கொண்டு பூட்டியது.

வெள்ளைக்காரன் போனான், அந்தக் கதையும் போயிற்று என்பார்கள். 1971ஆம் ஆண்டுக்கு வருவோம். குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கம் உபாசி. 1893இல் தோன்றிய பழைய சங்கம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றிலே அது ஒரு திட்டம் தொடங்கிற்று. கொழுந்து பறிக்கும் பெண் கருவுறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் ஐந்து ரூபாய் வரவு. பணம் கைக்கு வராது. வேலையை விட்டு விலகும் காலத்துக்கென்று சேரும். அளவுக்கு மேல் பிள்ளை பெற்றால் சேர்ந்ததிலே ஒரு பங்கு பறிபோகும். உலகமெங்கும் மக்கள்தொகை நிபுணர்கள் இதைப் பெரிதாகப் பேசினார்கள். மருத்துவ வசதியும் கூடவே வந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்று செக்ரோல் வைத்திருந்த அதே முதலாளி வர்க்கம், இந்த மாதம் அவள் கருவுற்றாளா இல்லையா என்பதற்கும் பேரேடு வைத்தது. கர்ப்பத்தடையை இந்த மண்ணிலே பெரியார் 1930களிலேயே வலியுறுத்தினார். பெண்ணின் உடல் பெண்ணுக்கே உரியது என்பதற்காக வலியுறுத்தினார். கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே அது ஒரு பத்தியாக ஏற வேண்டும் என்பதற்காக அல்ல.

எச்.ஐ.வி. வந்தபோது என்ன நடந்தது? 1986இல் சென்னையிலே மருத்துவர் சுனிதி சாலமனும் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக அந்தக் கிருமியின் தடத்தைக் கண்டறிந்தனர். மாபெரும் அறிவியல் சாதனை, தமிழகத்துக்குப் பெருமை. ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களின் கதி? காவல் விடுதியிலே இருந்த பெண்களில் தொற்று உண்டென்று கண்டறியப்பட்டோரிலே சிலர், விடுதலை நாள் வந்த பிறகும் விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. வெல்லிங்டன் பூட்டின் சாவி நூறாண்டுக்குப் பிறகும் யாரோ ஒருவர் இடுப்பிலே தொங்கிக்கொண்டிருந்தது பாருங்கள்.

ஆகவே 'எவன் கைக்குப் போகும்?' என்று தொழிலாளி கேட்பது அச்சத்தால் அல்ல, அனுபவத்தால்.

அதே மலையிலே வேறொரு கதையும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நாம் நியாயம் தவறியவர்கள் ஆவோம். தோடர் சமுதாயம் சென்ற நூற்றாண்டின் நடுவிலே மிகச் சிறிதாகச் சுருங்கிவிட்டது. வெளியிலிருந்து மலையேறி வந்தவர்களோடு கூடவே வந்த பால்வினை நோய்கள் பிள்ளைப்பேற்றையே கெடுத்தன. 'இந்த இனம் அழியும்' என்று ஆராய வந்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அழிந்ததா? இல்லை! செவிலிப் படிப்புப் படித்து வந்த ஈவம் பில்ஜெயின் என்ற தோடர் குலப் பெண், நடமாடும் மருத்துவ வண்டியோடு மந்து மந்தாகச் சென்றார். அவருடைய தொண்டும் பென்சிலின் யுகத்து மருந்தும் சேர்ந்து, நோய் தணிந்தது. தொட்டில் மறுபடி ஆடிற்று.

மருந்து அதற்கு முன்னும் ஆஸ்பத்திரியிலே இருந்திருக்கும். எது புதிது? அவர் தோடர் மொழியிலே பேசினார். வீட்டு வாசலுக்குச் சென்றார். ஊர் முன் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. தம் வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல் சொல்ல முடிந்தது. கருவி செய்யும் அன்பர்கள் கோடி கொட்டி ஆராய வேண்டாம். மக்கள் விரும்புவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

இன்னொரு சாட்சியையும் அழைப்போம். கௌரவமான சாட்சி அல்ல. ஆனாலும் உண்மை பேசும் சாட்சி. மாதம் ஒருமுறை ஊர் ஊராக வந்து, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இன்ன எண் அறையில் சந்திக்கலாம் என்று சுவரொட்டி ஒட்டுகிறானே, அந்த லேகிய வைத்தியன்! 'இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம்!' என்று அழைக்கிறானே, அவன்! அரைக் காசு பெறாத லேகியத்துக்கு அரை மாதக் கூலியைப் பிடுங்குகிறான். தெரிந்தும் ஏன் போகிறார்கள்? அறைக்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. உள்ளே ஒருவன் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்கிறான். பெயரை ஏட்டிலே எழுதுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியிலே மருந்து இலவசம். ஆனால் வரிசையிலே முன்னால் நிற்பவள் பக்கத்து லைன் வீட்டுக்காரி, பின்னால் நிற்பவன் மைத்துனன். மலை ஊரிலே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். தொழிலாளி லேகியத்துக்குக் காசு கொடுக்கவில்லை, தோழர்களே, தாழ்ப்பாளுக்குக் கொடுத்தான்.

மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியிலே 'புதிரா புனிதமா' என்று நடத்தியபோது வந்து குவிந்த கேள்விகள் என்ன சொல்லின? கேட்க ஆள் கிடைத்தால் தமிழன் கேட்கிறான் என்றுதானே சொல்லின. கருவி அந்த வைத்தியனை வெல்ல வேண்டுமானால், அவனுடைய தாழ்ப்பாளைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லேகியத்தை அவனிடமே விட்டுவிடலாம்.

இனி, கருவி கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். இங்கேதான் நமக்குக் கடுமையான வழக்கு இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எண்ணிக்கொள்ளுங்கள். அடிவயிற்றிலே வலி. வெள்ளைப்படுதல். யாரிடம் சொல்வாள்? மகளின் கைப்பேசியிலே கருவியைத் திறக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். 'கடந்த ஆண்டில் எத்தனை பேரோடு உறவு?' என்று கேட்கிறது. 'ஒருவர்' என்கிறாள். 'திருமணம் ஆனவரா?' 'ஆம்.' 'ஊசி வழியாகப் போதை?' அம்மா திகைக்கிறாள், 'இல்லை.' கருவி கூட்டிக் கழித்துச் சொல்கிறது: 'உமக்கு ஆபத்து குறைவு!'

குறைவாம்! அவளுடைய கணவன் லாரி ஓட்டுகிறான். வாரத்திலே நாலு நாள் சமவெளியிலே. அவன் யாரோடு உறங்கினான் என்று கருவி கேட்கவில்லை. கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. சென்னையிலே தொற்றுற்ற பெண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆய்வு சொல்லிற்று: அவர்களிலே மிகப் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கணவன் ஒருவனையன்றி வேறொருவனை அறியாதவர்கள். கற்பு காக்கும் என்று சொன்னீர்களே பண்டிதர்களே, காத்ததா? தாலி வேலி என்றீர்களே, அந்த வேலியின் வழியாகவே அல்லவா நோய் உள்ளே வந்தது? ஆளை எண்ணி ஆபத்தை அளக்கும் கருவி, இந்தத் தாயைப் பத்திரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும். அவள் நிம்மதியோடு போவாள், நோயோடும் போவாள். பெண்களுக்கு வரும் கிளமிடியா என்ற தொற்று பெரும்பாலும் அறிகுறியே காட்டுவதில்லை. ஆனால் கருக்குழாயை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். ஆகவே, 'நீ என்ன செய்தாய்?' என்று மட்டும் கேட்கும் கருவி நமக்கு வேண்டாம். 'உன்னைச் சுற்றி என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் வெளியூரில் நெடுநாள் தங்குபவரா? வேண்டாம் என்று சொல்ல உன்னால் முடிகிறதா?' என்று கேட்கும் கருவி வேண்டும். தெரியாது என்ற விடையையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளும் கருவி வேண்டும்.

மெல்போர்னிலே பழகிய இயந்திரம் இதை எங்கே அறியும்? அந்த மையத்துக்கு வந்துபோன மக்கள் வேறு. அவர்கள் பழக்கம், அவர்கள் நோய், அவர்கள் சோதனைச் சாலை எல்லாம் வேறு. கணக்கு அந்த ஊருக்குச் சரியாக இருக்கலாம். அதை அப்படியே மொழிபெயர்த்து ஊட்டியிலே இறக்கினால், அந்நாட்டு மேலங்கியை அளவெடுக்காமல் நம்மவன் தோளிலே மாட்டியது போலத்தான்.

மொழி என்றதும் ஒன்று. பாலியல் பேச்சுக்கு நம் மக்களிடம் இரண்டே அகராதி. ஒன்று வசவு, மற்றொன்று மருத்துவர் எழுதும் புரியாத சொல். இரண்டுக்கும் நடுவே, மேகவெட்டை, வெள்ளை, அரிப்பு, கடுப்பு என்று பாட்டி சொன்ன சொற்கள் இருக்கின்றன. கருவி அந்தச் சொற்களிலே கேட்கட்டும். படகரும் தமிழரும், கூடலூர்ப் பக்கத்து மலையாளிகளும் பணியரும், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து டான்டீ தோட்டங்களிலே குடியேறியவர்களின் பிள்ளைகளும், இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்போரும் வாழும் மலை இது. எழுத்தாக மட்டும் வந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவனை விட்டுவிடும். குரலாகவும் வர வேண்டும். ஆணோடு ஆண் பழகுவோருக்கும் திருநங்கையருக்கும் கேள்வியின் தொனியிலேயே ஒரு குத்தல் இருக்கக் கூடாது. 2018இலேயே உச்ச நீதிமன்றம் குற்றமல்ல என்று சொன்ன ஒன்றை, கைப்பேசி குற்றமாக்க வேண்டியதில்லை.

சதவீதம்! இது பட்டணத்தாரின் தீராத மோகம். 'உமக்கு நூற்றுக்கு இரண்டு' என்று கருவி சொன்னால் தொழிலாளி என்ன செய்வான்? கொழுந்து நிறுக்கும் இடத்திலே சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு எண்ணைச் சொல்லும்போது, 'முள்ளைக் காட்டு' என்று கேட்கும் உரிமைக்காகப் போராடியவன் அவன். கருவியும் முள்ளைக் காட்ட வேண்டும்: எந்த விடையால் ஆபத்து ஏறிற்று, எதை மாற்றினால் இறங்கும் என்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

ஏனெனில் நேரத்திலேதான் உயிர் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். தாமதித்தால் அந்த மருந்தால் பயனில்லை. சனிக்கிழமை இரவு கோவையிலே ஒரு தவறு. ஞாயிறு பேருந்திலே மலையேறுகிறான். திங்கள் காலை பெரட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் கூலி இல்லை. செவ்வாய் மழை, மரம் விழுந்து சாலை அடைப்பு. செவ்வாய் இரவோடு 72 மணி முடிகிறது! 'மருத்துவரை அணுகுக' என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் கருவி கை கழுவினால் அவனுக்கு என்ன லாபம்? இத்தனை மணி நேரம் மிச்சம், இந்த ஆஸ்பத்திரி, இந்த அறை, இன்ன நேரம் வரை திறந்திருக்கும் என்று சொன்னால்தான் துணை. மறுபக்கமும் உண்டு. சம்பவம் நடந்த மறு நாளே ஓடிப் போய் இரத்தம் கொடுத்து, 'ஒன்றும் இல்லை' என்று கேட்டு மகிழ்ந்து வருகிறவன் ஏமாறுகிறான். எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுச் சோதனை தொற்றை உறுதியாகக் காட்ட மூன்று மாதம் வரை ஆகலாம். 'இன்று சோதனை செய், மூன்று மாதம் கழித்து மறுபடி செய்' என்று நாளைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு இடம் இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைகளிலே நம்பிக்கை மையம் உண்டு, இலவசம், மற்றப் பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையம் உண்டு. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து எச்.ஐ.வி. மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. தொடக்கத்திலேயே இடம்பெற்ற மருத்துவமனைகளிலே தாம்பரம் ஒன்று. ஒழுங்காக மருந்துண்டு இரத்தத்திலே கிருமி கண்டறிய முடியாத அளவுக்குத் தணிந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்பதை அறிவியல் நிலைநாட்டிவிட்டது. ஊட்டியிலே 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டது. ஆக, கதவுகள் உண்டு. கேள்விக் கருவிக்கும் அந்தக் கதவுகளுக்கும் நடுவே பாலம் போடப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

மறுபடி ஏட்டுக்கு வருவோம். வந்தே தீர வேண்டும்.

2018இல் கிரைண்டர் என்ற கைப்பேசிச் செயலி, தன்னை நம்பியவர்கள் சொன்ன எச்.ஐ.வி. நிலையை வேறு இரண்டு நிறுவனங்களுக்குத் தெரியும்படி வைத்திருந்தது அம்பலமாயிற்று. 2019 சனவரியிலே சிங்கப்பூர் அரசின் எச்.ஐ.வி. பதிவேடு கசிந்தது: 14,200 பேரின் விவரம் வெளியே! அதிலே 8,800 பேர் வெளிநாட்டார். வேலைச் சீட்டுக்காகவும் பயணச் சீட்டுக்காகவும் கட்டாயச் சோதனைக்கு உட்பட்டவர்கள் அதிலே உண்டு. பூட்டுப் போட்ட அரசாங்கப் பேரேட்டுக்கே அந்தக் கதி. இலவசமாக இறக்கிக்கொள்ளச் சொல்லும் செயலிக்கு என்ன காவல்?

நம் வீட்டு நிலைமையைப் பாருங்கள். 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துப் பெண்களிலே இணையத்தை ஒருமுறையேனும் தொட்டவர்கள் பாதிக்கும் குறைவு. பல வீடுகளிலே கைப்பேசி குடும்பச் சொத்து. அம்மா காலையிலே கேட்ட கேள்வி, மாலையிலே மகன் விளையாட எடுக்கும்போது திரையிலே நிற்கும். 'உங்கள் சோதனை நாள் நாளை' என்று குறுஞ்செய்தி வந்தால், அதைக் கணவன் படிப்பான். பெயர் கேட்காதே, எண் கேட்காதே, ஆதார் கேட்காதே, முடிந்ததும் தடம் வைக்காதே. கருவியிடம் மக்கள் வைக்கும் முதல் கோரிக்கை அதுதான். கையிலே நல்ல கைப்பேசி இல்லாதவருக்கும், கைப்பேசி அலை எட்டாத லைன் வீட்டாருக்கும் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் 2014 முதல் இருக்கிறது. அங்கே மனிதர் பேசுவார். கருவி மனிதருக்குப் பதிலாக வரக் கூடாது. மனிதரிடம் கொண்டு சேர்க்க வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நாம்தான் சட்டத்தின் பக்கம் போவதில்லை. தொற்று இருந்த ஒரு கூலித் தொழிலாளியை அந்தக் காரணத்துக்காகவே வேலைக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது தவறு, உடல் வேலைக்குத் தகுதியாக இருக்கும் வரை வேலையை மறுக்கக் கூடாது என்று 1997இலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலே நடைமுறைக்கு வந்தது. இசைவின்றிச் சோதனை கூடாது, இசைவின்றி நிலையை வெளியிடக் கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவத்திலும் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2023இல் எண்ணியல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. நல்லது. ஆனால் கருவி சொல்வது சோதனை முடிவல்ல, கணிப்பு. 'இவனுக்கு இருக்கலாம்' என்ற கணிப்பு கசிந்தாலும் லைன் வீட்டிலே அதே வசவுதான், அதே ஒதுக்கல்தான், பெண் கொடுக்க மறுப்பதும் அதேதான். சோதனை முடிவுக்கு உள்ள காவல் அத்தனையும் கணிப்புக்கும் உண்டு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் விதியிலே எழுத வேண்டும். முதலாளி, காப்பீட்டுக் கம்பெனி, காவல் துறை மூவருக்கும் அந்த ஏட்டின் மீது எந்த உரிமையும் இல்லை என்றும் எழுத வேண்டும். எந்தத் தோட்ட நிர்வாகமும், 'நலத் திட்டம்' என்ற பெயரிலே தொழிலாளரைக் கட்டாயப்படுத்தி இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லக் கூடாது. ஐந்து ரூபாய்த் திட்டமும் நலத் திட்டம் என்ற பெயரிலேதான் வந்தது.

தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வுக்கும் போனசுக்கும் வாயிற்கூட்டம் போடுகிறோம். 'இதெல்லாம் மேடையிலே பேசுகிற விஷயமா?' என்று முணுமுணுப்பவர்கள் நம்மிலேயே உண்டு. கருத்தடையை மேடையிலே பேசியபோதும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். மன்றத்துக் கரும்பலகையிலே 1097 என்று எழுதி வையுங்கள். எந்தக் கருவி வந்தாலும், அதை ஆக்குவோர் முதலிலே தோட்டத்துப் பெண்களை உட்கார வைத்துக் கேள்விகளைப் படித்துக் காட்டட்டும் என்று நலத்துறைக்கு எழுதுங்கள். படித்துக் காட்டும்போது கங்காணியும் மேஸ்திரியும் அங்கே இருக்கக் கூடாது.

இன்னொன்று. அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறு பேருக்குக் குறையாமல் உள்ள நிறுவனம் ஒவ்வொன்றிலும் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். நீலகிரியிலே நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்கள் எத்தனையோ. உங்கள் தோட்டத்திலே அந்த அலுவலர் யார்? நாளைக் காலை பெரட்டுக் களத்திலே கேளுங்கள். வருகிற பதிலை, அது என்ன பதிலாக இருந்தாலும், நமக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரை எழுத வேண்டாம்.